கிட் சர்வரில் எஸ்எஸ்எச் சாவிகள்: சேர்ப்பதிலிருந்து நீக்குவது வரை

சில வருடங்களுக்கு முன் ஒரு கிட் சர்வரின் (குழுவின் நிரல்களையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் சர்வர்) பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். உள்ளே நுழைந்து, எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக எந்தெந்தச் சாவிகளோடு வரலாம் என்று வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கும் ஆதரைஸ்டு_கீஸ் கோப்பைத் திறந்தேன். 61 வரிகள். அப்போது அங்கே வேலை செய்தவர்கள் 18 பேர். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் உள்ள குறிப்பைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பாதி வரிகளில் 'ரூட்@லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தது. ஒன்றில் வெறுமனே 'புதுசு'.

வேலையை விட்டுப் போன ஒருவருடைய பெயர் தெளிவாக இருந்த ஒரே வரியைக் கண்டுபிடித்து நீக்கினேன். மறுநாள் காலை பில்டு (நிரலை எடுத்துத் தானாகத் தொகுக்கும் வேலை) நின்றுபோயிருந்தது. அந்தப் புண்ணியவான் தன் லேப்டாப் சாவியையே பில்டு மெஷினிலும் காப்பி செய்து வைத்திருந்தார். அவர் போய்விட்டார், அவருடைய சாவி மட்டும் தினமும் 200 தடவை உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்தது.

சாவி சேர்ப்பது ஒரு நிமிட வேலை. எந்தச் சாவியையும் பயமில்லாமல் நீக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாப் படிகளும் அப்படி நீக்க வேண்டி வரும் நாளுக்கான தயாரிப்புதான். லினக்ஸில் சொந்தமாக ஓடும் கிட் சர்வர், ஓப்பன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச்சுக்கான மென்பொருள்), 'கிட்' என்ற ஒரே பயனர் கணக்கு என்ற அமைப்பை வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது அதற்குரிய எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

சர்வர் எதை நம்பி உள்ளே விடுகிறது

எஸ்எஸ்எச் 1995இல் பிறந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடிய பிறகு, அங்கிருந்த டாட்டு யூலோனென் எழுதியது. சாவி முறையில் ரகசியம் கம்பியில் போவதே இல்லை. உங்கள் கணினியில் இருக்கும் தனிச் சாவி ஒரு கையெழுத்து போடுகிறது. சர்வரில் இருக்கும் பொதுச் சாவி அந்தக் கையெழுத்து சரிதானா என்று பார்க்கிறது. அவ்வளவுதான். பொதுச் சாவியை ஊரெல்லாம் ஒட்டினாலும் பரவாயில்லை. தனிச் சாவி உருவான கணினியை விட்டு நகரவே கூடாது.

கிட் சர்வரில் ஒரு விசேஷம் உண்டு. எல்லோரும் 'கிட்' என்ற ஒரே பயனராகத்தான் நுழைகிறார்கள். வந்தது யார் என்று சர்வருக்குத் தெரிவது சாவியை வைத்து மட்டும்தான். கமிட்டில் (ஒரு மாற்றத்தின் பதிவு) இருக்கும் பெயரையும் மின்னஞ்சலையும் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், கிட் கேட்காது. ஆகவே 'இதை புஷ் செய்தது (சர்வருக்கு அனுப்பியது) யார்' என்ற கேள்விக்குச் சாவிதான் சாட்சி. ஒரே சாவியை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் அந்தச் சாட்சி செல்லாது.

முதல் படி: இருப்பதைக் கணக்கெடுங்கள்

புதுச் சாவிக்குப் போகுமுன் பழைய கணக்கை முடிக்க வேண்டும். எந்தக் கோப்பிலிருந்து சர்வர் சாவிகளைப் படிக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ரூட் அனுமதியோடு 'எஸ்எஸ்எச்டி -டி' (எஸ்எஸ்எச்டி என்பது சர்வர் பக்கம் ஓடும் எஸ்எஸ்எச் நிரல்; '-டி' பெரிய எழுத்து, 'டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து) ஓட்டினால் நடப்பில் உள்ள எல்லா அமைப்புகளும் வரும். அதில் 'ஆதரைஸ்டுகீஸ்ஃபைல்' என்ற வரியைப் பாருங்கள். பலருக்கும் தெரியாத விஷயம்: ஓப்பன்எஸ்எஸ்எச் இயல்பாகவே ஆதரைஸ்டு_கீஸ், ஆதரைஸ்டு_கீஸ்2 என்று இரண்டு கோப்புகளைப் படிக்கும். நீங்கள் முதல் கோப்பைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பீர்கள், திருடன் இரண்டாவதில் உட்கார்ந்திருப்பான். இரண்டாவது தேவையில்லை என்றால் அமைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, கோப்பில் உள்ள சாவிகளின் கைரேகைகளை (ஒவ்வொரு சாவியையும் சுருக்கிக் காட்டும் அடையாளம்) எடுங்கள்:

எஸ்எஸ்எச்-கீஜென் -எல் -எஃப் ஆதரைஸ்டு_கீஸ்

ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வரி வரும். எத்தனை பிட், எஸ்எச்ஏ256 கைரேகை, குறிப்பு, கடைசியில் வகை. இதை அப்படியே ஒரு விரிதாளில் போட்டு, பக்கத்தில் நான்கு பத்திகள் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாருடையது, எந்தக் கணினியில் இருக்கிறது, எதற்கு, கடைசியாக எப்போது பயன்பட்டது.

கடைசிப் பத்தியை சர்வரின் லாக் (நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் கோப்பு) நிரப்பிக் கொடுக்கும். யாராவது சாவியோடு உள்ளே வந்தால் 'அக்செப்டட் பப்ளிக்கீ' என்று தொடங்கும் ஒரு வரி பதிவாகும். எந்த ஐபியிலிருந்து வந்தார், சாவியின் எஸ்எச்ஏ256 கைரேகை என்ன என்பது அதிலேயே இருக்கும். டெபியன், உபுண்டு வகைகளில் 'ஆத்.லாக்' கோப்பிலும், ரெட் ஹேட் வகைகளில் 'செக்யூர்' கோப்பிலும் தேடலாம். அல்லது ஜர்னல்சிடிஎல் கட்டளையைக் கேட்கலாம். கோப்பில் இருக்கும் கைரேகையையும் லாக்கில் இருக்கும் கைரேகையையும் ஒப்பிட்டால் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று தெரிந்துவிடும்.

என் 61இல் உயிரோடு இருந்தவை 26 தான். ஆனால் லாக்கை நம்பும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பல சர்வர்களில் லாக் சில வாரங்களிலேயே சுழன்று அழிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் நான்கு வார லாக்கில் தெரியவே தெரியாது. லாக்கை வைத்திருக்கும் காலத்தை முதலில் நீட்டிவிட்டு, அப்புறம் காத்திருந்து பாருங்கள். அவசரப்பட்டு அடிபட்டவன் சொல்கிறேன்.

குறிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரியின் கடைசியில் உள்ளது வெறும் எழுத்து. யாரும் எதையும் எழுதலாம், சர்வர் அதைச் சரிபார்ப்பதே இல்லை.

கணக்கெடுக்கும்போதே சாவியின் வகையையும் பாருங்கள். டிஎஸ்ஏ என்ற பழைய வகை இருந்தால் யோசிக்காமல் தூக்கிவிடலாம். 2015இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.0 முதலே அதை இயல்பாக ஏற்பதில்லை. ஆர்எஸ்ஏ என்ற வகையில் 1024 பிட் சாவியும் போக வேண்டியதுதான். பழைய சர்வர் என்றால் இன்னொன்று: டெபியனில் 2006 முதல் 2008 மே வரை ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் ஒரு பிழை இருந்தது. தற்செயல் எண் சரியாக உருவாகாததால், ஒரு வகைக்கும் அளவுக்கும் சுமார் 32,768 சாவிகள்தான் பிறக்க முடியும் என்றாகிவிட்டது. எல்லாவற்றையும் முன்கூட்டியே உருவாக்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். ஏழு வருடம் கழித்து 2015இல் கூட கிட்ஹப் (இணையத்தில் உள்ள கிட் சேவை) கணக்குகளில் அந்தச் சாவிகள் அகப்பட்டன.

இரண்டாம் படி: சாவியை ஒழுங்காக உருவாக்குவது

இது சர்வர் நிர்வாகியின் வேலை இல்லை, பயன்படுத்துபவரின் வேலை. ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் ஆளுக்கு ஒரு விதமாகச் செய்வார்கள். நான் கொடுப்பது இது:

எஸ்எஸ்எச்-கீஜென் -டி ஈடி25519 -ஏ 100 -சி 'பெயர், கணினி, மாதம்-வருடம்'

இதில் 'டி'யும் ('டைப்' என்பதன் முதல் எழுத்து) 'ஏ'வும் சின்ன எழுத்து, 'சி' மட்டும் பெரிய எழுத்து. ஈடி25519 ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2014 ஜனவரியில் வந்த 6.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. சாவி குட்டி, வேகம் அதிகம், பிட் அளவைத் தேர்ந்தெடுக்கும் தலைவலி இல்லை. 2023இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து வகை எதுவும் சொல்லாவிட்டால் இதுவே உருவாகும். இதைப் புரிந்துகொள்ளாத பழைய கருவி ஏதாவது இருந்தால் மட்டும் 3072 அல்லது 4096 பிட் ஆர்எஸ்ஏ.

'-ஏ 100' என்பது தனிச் சாவிக் கோப்பைப் பூட்டும் பாஸ்ஃபிரேஸை எத்தனை சுற்று அரைக்க வேண்டும் என்பது. கோப்பு திருடுபோனாலும் பாஸ்ஃபிரேஸை ஊகித்துத் திறக்க நேரமெடுக்கும். பாஸ்ஃபிரேஸே வைக்காமல் என்டரைத் தட்டிவிட்டு வருபவர்களுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. 'ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டுமே' என்பார்கள். அதற்குத்தான் திறந்த சாவியை நினைவில் வைத்துக்கொள்ளும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் இருக்கிறது. காலையில் ஒருமுறை 'எஸ்எஸ்எச்-ஆட்' கொடுத்தால் நாள் முழுக்க ஓடும். பழைய சாவிக்குப் பாஸ்ஃபிரேஸ் வைக்கப் புதுச் சாவி தேவையில்லை. 'எஸ்எஸ்எச்-கீஜென் -பி' (சின்ன எழுத்து, 'பாஸ்ஃபிரேஸ்' என்பதன் முதல் எழுத்து) போதும், பொதுச் சாவி மாறாது.

விதி ஒன்றே ஒன்று: ஒரு கணினிக்கு ஒரு சாவி. 'ஒரு ஆளுக்கு ஒரு சாவி' என்று வைத்தால் ஒரே தனிச் சாவி வீட்டு லேப்டாப்பிலும் அலுவலகக் கணினியிலும் பென்டிரைவிலும் திரியும். லேப்டாப் தொலைந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கணினிக்கு ஒன்று என்றால் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

பொறுப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, முக்கியமாக நிர்வாகிகளுக்கு, யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி வாங்கித் தரலாம். 2020இல் வந்த 8.2 பதிப்பிலிருந்து 'ஈடி25519-எஸ்கே' என்ற வகை இருக்கிறது. விரலால் தொட்டால்தான் கையெழுத்து போடும். கோப்பைத் திருடினாலும் அந்தத் துண்டு கையில் இல்லாமல் பயனில்லை.

மூன்றாம் படி: வாங்கிச் சேர்ப்பது

'என் சாவியைச் சேர்த்துவிடுங்கள்' என்று ஒரு செய்தி வரும். வந்தது அவரிடமிருந்துதானா? அவர் மின்னஞ்சலைப் பிடித்தவனும் அதையேதான் எழுதுவான். போனில் கூப்பிட்டு, அவர் பக்கம் 'எஸ்எஸ்எச்-கீஜென் -எல்' ஓட்டச் சொல்லி, கைரேகையின் கடைசிச் சில எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடம் கூட ஆகாது.

சாவியின் தொடக்கத்தைப் பார்த்து 'இது அதேதான்' என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது வீண். ஈடி25519 பொதுச் சாவியின் 68 எழுத்துகளில் முதல் 25 எழுத்து உலகத்தில் உள்ள எல்லாருக்கும் ஒன்றேதான். அது வகையையும் நீளத்தையும் சொல்லும் தலைப்பு, அவ்வளவுதான். ஒப்பிட வேண்டுமென்றால் கைரேகையை ஒப்பிடுங்கள்.

சிலர் '.பப்' கோப்புக்குப் பதில் தனிச் சாவியையே அனுப்பிவிடுவார்கள். முதல் வரியில் 'பிரைவேட் கீ' என்று கோடு போட்டு எழுதியிருக்கும், பார்த்தாலே தெரியும். அப்படி வந்துவிட்டால் அந்தச் சாவியின் கதை முடிந்தது. 'பரவாயில்லை, நான் யாருக்கும் காட்ட மாட்டேன்' என்று பெருந்தன்மை காட்டாமல் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள்.

இப்போது கோப்பில் எழுதும் வரி. அதில் நான்கு பகுதிகள்: கட்டுப்பாடுகள், வகை, சாவி, குறிப்பு. பலரும் முதல் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அதனால் கிட் மட்டும் பயன்படுத்த வேண்டியவர், சர்வருக்குள் ஷெல் (கட்டளைகளை அடிக்கும் இடம்) திறந்து உலாவ முடிகிறது. முதல் பகுதியில் இவை வேண்டும்:

'ரெஸ்ட்ரிக்ட்' என்ற ஒரு சொல். போர்ட் ஃபார்வர்டிங், ஏஜென்ட் ஃபார்வர்டிங், டெர்மினல் எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடும். 2016இல் வந்த 7.2 பதிப்புக்கு முன்னால் இவற்றை ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருந்தது. இன்னும் இணையத்தில் அந்த நீளமான வடிவத்தைத்தான் காப்பி அடிக்கிறார்கள்.

அடுத்து 'கமாண்ட்' என்ற சொல், சமக்குறி, மேற்கோளுக்குள் ஒரு ஸ்கிரிப்டும் ஆளின் பெயரும். இந்தச் சாவியோடு யார் வந்து எதைக் கேட்டாலும் அந்த ஸ்கிரிப்ட் மட்டும்தான் ஓடும். அவர் உண்மையில் கேட்டது 'எஸ்எஸ்எச்_ஒரிஜினல்_கமாண்ட்' என்ற மாறியில் இருக்கும். ஃபெட்ச் செய்தால் (சர்வரிலிருந்து எடுத்தால்) 'கிட்-அப்லோட்-பேக்', புஷ் செய்தால் 'கிட்-ரிசீவ்-பேக்', கூடவே ரெப்போவின் (ஒரு திட்டத்தின் நிரல்கள் இருக்கும் களஞ்சியம்) பாதை. பெயர்கள் தலைகீழாகத் தோன்றும். சர்வரின் பார்வையிலிருந்து வைத்த பெயர்கள் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் இல்லை. ஸ்கிரிப்ட் இந்த இரண்டையும் பார்த்து, 'இவருக்கு இந்த ரெப்போவில் புஷ் அனுமதி உண்டா' என்று முடிவு செய்கிறது. கிட்டோலைட், கிட்டியா, கிட்லேப் போன்ற கிட் சர்வர் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் யுக்தி இதுதான்.

இவ்வளவு வேண்டாம், நான்கைந்து பேர், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் என்றால் 'கிட்' பயனரின் ஷெல்லை 'கிட்-ஷெல்' என்று மாற்றினாலே போதும். ஆனால் கிட்-ஷெல்லையும் கமாண்ட் வரியையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். கட்டாயக் கட்டளையையும் எஸ்எஸ்எச்டி அந்தப் பயனரின் ஷெல் வழியாகத்தான் ஓட்டும். கிட்-ஷெல்லோ உங்கள் ஸ்கிரிப்டை 'இது கிட் கட்டளை இல்லையே' என்று துரத்திவிடும். இதில் நான் ஒரு மதியம் முழுக்கத் தொலைத்தேன்.

எழுதும்போது மூன்று விஷயம். சாவி முழுவதும் ஒரே வரியில் இருக்க வேண்டும். சாட் செயலியிலிருந்து ஒட்டும்போது நடுவில் உடைந்து இரண்டு வரியாகிவிடும். நேரடியாகக் கோப்பைத் திருத்தாமல் காப்பி எடுத்துத் திருத்தி, கைரேகைக் கட்டளையால் சோதித்து, பிறகு பழையதன் மேல் நகர்த்துங்கள். அப்புறம் அந்தச் சாவி ஏற்கெனவே கோப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே சாவி இரண்டு பெயர்களில் இருந்தால் சர்வர் முதல் வரியையே எடுத்துக்கொள்ளும். ஒரு பழைய கணினியைச் சாவியோடு அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் செய்யும் புஷ் எல்லாம் பழையவர் கணக்கில் ஏறும், யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

நான்காம் படி: கோப்பைக் கையால் தொடுவதை நிறுத்துவது

பத்துப் பேரைத் தாண்டினால் கையால் திருத்துவது வேண்டாம். எனக்குப் பிடித்தது கிட்டோலைட். சீதாராம் சாமர்த்தி எழுதியது. சாவிகளும் அனுமதிகளும் 'கிட்டோலைட்-அட்மின்' என்ற ஒரு ரெப்போவுக்குள்ளேயே இருக்கும். 'கீடிர்' என்ற கோப்புறையில் ஆளுக்கு ஒரு பப் கோப்பு. சேர்க்க வேண்டுமா, கோப்பைப் போட்டு கமிட் செய்து புஷ். நீக்க வேண்டுமா, கோப்பை அழித்து புஷ். ஆதரைஸ்டு_கீஸை அதுவே எழுதிக்கொள்ளும். யார், எப்போது, எந்தச் சாவியைச் சேர்த்தார் என்ற வரலாறு கிட் லாக்கில் தானாகவே கிடைக்கிறது. என் விரிதாளின் முதல் மூன்று பத்திகளை கமிட் செய்தியிலேயே எழுதிவிடுகிறேன். ஒரே ஆளுக்குப் பல கணினி இருந்தால் கீடிருக்குள் 'லேப்டாப்', 'வீடு' என்று துணைக் கோப்புறைகள் வைத்து, இரண்டிலும் அதே கோப்புப் பெயரைப் போடலாம்.

வலைப்பக்கம் வேண்டும் என்றால் கிட்டியா, ஃபோர்ஜெயோ, கிட்லேப். அவரவர் தங்கள் சாவியைத் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள், உங்களுக்கு வேலை மிச்சம். ஆனால் கிட்டியா போன்றவை ஆதரைஸ்டு_கீஸைத் தாங்களே எழுதுகின்றன. அந்தக் கோப்பில் உங்கள் கை படவே கூடாது. சர்வருக்குள் நிர்வாகியாக நுழைய வேறு பயனர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாவிகள் ஆயிரக்கணக்கில் போனால் கோப்பே தடையாகிவிடும். சர்வர் அதை முதல் வரியிலிருந்து வரிசையாகத் தேடுகிறது. அதற்காக 'ஆதரைஸ்டுகீஸ்கமாண்ட்' என்று ஒரு அமைப்பு 2013 முதல் இருக்கிறது. கோப்பைப் படிப்பதற்குப் பதில் ஒரு நிரலை அழைத்து, 'இந்தச் சாவி யாருடையது' என்று தரவுத்தளத்தில் கேட்கும். அந்த நிரல் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மற்றவர்கள் எழுத முடியாததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்எஸ்எச்டி அதை ஓட்டாது.

ஐந்தாம் படி: மெஷின்களுக்கென்று வேறு சாவி

என் பில்டு நின்ற கதைக்கு இதுதான் மருந்து. மனிதர் சாவி மெஷினில் இருக்கவே கூடாது. பில்டு சர்வர், பேக்கப் ஸ்கிரிப்ட், டிப்ளாய் (மென்பொருளைச் சர்வரில் நிறுவும்) வேலை என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாவி. பெயரும் அதன் வேலையைச் சொல்ல வேண்டும்.

மெஷின் சாவிக்குப் பெரும்பாலும் பாஸ்ஃபிரேஸ் வைக்க முடியாது, தட்டச்சு செய்ய ஆள் இல்லை. அதை மற்ற பக்கங்களில் ஈடுகட்டுங்கள். படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். பில்டுக்குப் புஷ் எதற்கு? ஆதரைஸ்டு_கீஸ் வரியில் 'ஃபிரம்' என்று போட்டு அந்த மெஷினின் ஐபியை எழுதுங்கள். சாவி திருடுபோனாலும் வேறு இடத்திலிருந்து செல்லாது. தற்காலிக வேலை என்றால் 'எக்ஸ்பைரி-டைம்' போட்டு, வருடம், மாதம், தேதி என எட்டு இலக்கத்தில் நாளைக் குறித்துவிடுங்கள். அந்த நாள் தாண்டினால் சாவி தானாகச் செத்துவிடும். இது 2018இல் வந்த 7.7 பதிப்பு முதல் உண்டு. ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்களுக்கும் இதையே பயன்படுத்துகிறேன்.

கிட்ஹப்பில் இதற்கு 'டிப்ளாய் கீ' என்று பெயர். ஒரு சாவியை ஒரு ரெப்போவில்தான் சேர்க்க முடியும், தனியாக டிக் செய்தால் மட்டுமே எழுத அனுமதி. சேர்த்தவரை ரெப்போவிலிருந்து நீக்கினாலும் அந்த டிப்ளாய் கீ தொடர்ந்து வேலை செய்யும் என்பதை மறக்காதீர்கள். ஆளை நீக்கும்போது அவர் போட்ட டிப்ளாய் கீகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: நீக்குவது

ஆள் போகிறார், லேப்டாப் தொலைகிறது, தனிச் சாவி தவறிப்போய் ஒரு ரெப்போவில் கமிட் ஆகிறது. மூன்றுக்கும் ஒரே வேலை, வேகம்தான் வேறு. மூன்றாவதில் ஒரு மயக்கம் உண்டு: கமிட்டை வரலாற்றிலிருந்து அழித்து ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் உள்ள வரலாற்றின் மேல் எழுதும் புஷ்) செய்தால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். அதற்குள் யார் யார் குளோன் செய்தார்கள் (முழுப் பிரதி எடுத்தார்கள்) என்று உங்களுக்குத் தெரியாது. முதலில் சாவியை நீக்குங்கள், வரலாற்றைப் பிறகு நிதானமாகச் சுத்தம் செய்யலாம்.

வரிசை இப்படி. கைரேகையை வைத்து லாக்கில் தேடி, அந்தச் சாவி எந்தெந்த ஐபியிலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். அவருடைய லேப்டாப் மட்டும் இல்லாமல் ஒரு சர்வர் ஐபியும் தெரிந்தால், எங்கோ ஒரு மெஷின் இதைப் பிடித்துத் தொங்குகிறது. அதற்கென்று வேறு சாவி கொடுத்துவிட்டு வாருங்கள். (திருட்டுப்போன சாவி என்றால் இந்தப் பொறுமை கூடாது, பில்டு நின்றால் நிற்கட்டும்.) பிறகு வரியை அழியுங்கள். முன்னால் ஒரு குறியீடு போட்டு முடக்கி வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் 'இது எதற்கு முடங்கிக் கிடக்கிறது' என்று அந்தக் குறியீட்டை எடுத்துவிடுவார்.

வரியை அழித்ததோடு வேலை முடியவில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அப்படியே தொடரும். சாவி நுழையும்போது மட்டுமே கேட்கப்படுகிறது. சிலர் வேகத்துக்காக ஒரே இணைப்பை மணிக்கணக்கில் திறந்து வைத்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். ஓடும் எஸ்எஸ்எச்டி புராசஸ்களைப் பார்த்து அவருடையதை நிறுத்துங்கள். கிட் பயனரின் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொல்லும் கட்டளையைக் கொடுக்காதீர்கள்; கிட்டியா போன்றது அதே பயனரில் ஓடினால் அதுவும் சேர்ந்து விழும்.

திருடுபோன சாவியை இனி யாரும் தெரியாமல் கூடத் திரும்பச் சேர்க்கக் கூடாது என்றால் 'ரிவோக்டுகீஸ்' அமைப்பைப் பயன்படுத்துங்கள். ஒரு கோப்பில் வரிக்கு ஒரு பொதுச் சாவியாக எழுதி வைத்தால், அவை ஆதரைஸ்டு_கீஸில் இருந்தாலும் சர்வர் ஏற்காது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது: அந்தக் கோப்பைப் படிக்க முடியாமல் போனால் எஸ்எஸ்எச்டி எல்லோருடைய சாவியையும் மறுத்துவிடும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், சரியும்தான். ஆனால் கோப்பின் பெயரில் ஒரு எழுத்து தப்பினால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

சுழற்சி பற்றி

90 நாளைக்கு ஒருமுறை எல்லோரும் சாவி மாற்ற வேண்டும் என்று விதி போடும் இடங்கள் உண்டு. பாஸ்ஃபிரேஸோடு, ஒரு கணினிக்கு ஒன்றாக இருக்கும் மனிதர் சாவிக்கு அதனால் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழையதை நீக்க மறந்து கோப்பு வீங்குவதுதான் நடக்கிறது. பாஸ்ஃபிரேஸ் இல்லாத மெஷின் சாவிகளை மட்டும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். புதியதைச் சேர்த்து, மெஷினில் மாற்றி, லாக்கில் புதுக் கைரேகை வருகிறதா, பழையது நின்றுவிட்டதா என்று சில நாள் பார்த்து, அப்புறம் பழையதை நீக்குங்கள்.

கூட்டம் பெரிதானால் எஸ்எஸ்எச் சான்றிதழுக்கு மாறலாம். 2010 முதல் இருக்கிறது. ஒரு தலைமைச் சாவி ஒவ்வொருவரின் பொதுச் சாவிக்கும் எட்டு மணி நேரமோ ஒரு நாளோ செல்லும் சான்றிதழ் கையெழுத்திட்டுத் தரும்; சர்வரில் தலைமைச் சாவியின் பொதுப் பகுதி மட்டும் இருந்தால் போதும். சிறிய குழுவுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

சர்வருக்கும் ஒரு சாவி உண்டு

முதல் முறை இணையும்போது 'இந்த சர்வரின் கைரேகை இது, நம்பலாமா' என்று கேட்கும். எல்லோரும் படிக்காமலே 'யெஸ்' அடிப்போம். உங்கள் சர்வரின் கைரேகையை உள்வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் எழுதி வையுங்கள். சர்வரை மறுபடி நிறுவுமுன் 'எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்' என்று தொடங்கும் சாவிக் கோப்புகளைக் காப்பி எடுத்து, புதிய சர்வரில் அதே அனுமதிகளோடு வையுங்கள். மறந்தால் மறுநாள் எல்லோர் திரையிலும் பெரிய எச்சரிக்கை வரும். நீங்கள் 'ஒன்றுமில்லை, பழைய வரியை அழித்துவிடுங்கள்' என்று சொல்வீர்கள். அடுத்த முறை உண்மையான ஆபத்து வந்தாலும் அதையேதான் செய்வார்கள்.

சர்வர் சாவி மாறும் நிலை கிட்ஹப்புக்கே வந்தது. அவர்களுடைய ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் சாவியின் தனிப் பகுதி ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதால், 2023 மார்ச் 24 அன்று அதை மாற்றினார்கள். பயனர்கள் 'எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர்' (பெரிய எழுத்து ஆர்) கொடுத்துப் பழையதை நீக்கிவிட்டு, அறிவித்த கைரேகையோடு ஒப்பிட்டுப் புதியதை ஏற்க வேண்டியிருந்தது.

உள்ளே விடவில்லை என்றால்

'பெர்மிஷன் டினைடு, பப்ளிக்கீ' என்று வந்தால் சாவியைச் சந்தேகிக்கும் முன் அனுமதிகளைப் பாருங்கள். .எஸ்எஸ்எச் கோப்புறை 700, ஆதரைஸ்டு_கீஸ் 600, ஹோம் கோப்புறையில் குழுவோ மற்றவர்களோ எழுத முடியக்கூடாது. ஹோமில் 775 (குழுவும் எழுதலாம் என்ற அனுமதி) இருந்தாலே எஸ்எஸ்எச்டி வாயைத் திறக்காமல் மறுத்துவிடும். காரணம் சர்வர் லாக்கில்தான் இருக்கும். எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) இருந்தால் 'ரெஸ்டோர்கான்' ஒருமுறை ஓட்டுங்கள்.

'டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயில்யர்ஸ்' என்றால் பிரச்சினை பயனர் பக்கம். ஏஜென்ட்டில் ஏழெட்டுச் சாவி இருக்கும், ஒவ்வொன்றாக நீட்டும். சர்வர் இயல்பாக ஆறு முயற்சிக்கு மேல் பொறுக்காது. அவர் கணினியின் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் இந்த சர்வருக்கு எந்தச் சாவி என்று குறிப்பிட்டு, 'ஐடென்டிடீஸ்ஒன்லி யெஸ்' சேர்க்கச் சொல்லுங்கள்.

நேற்று வரை ஓடிய ஆர்எஸ்ஏ சாவி, சர்வரை மேம்படுத்தியதும் நின்றுவிட்டதா? 2021இல் வந்த 8.8 பதிப்பு, எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் போடும் ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக நிறுத்திவிட்டது. பெரும்பாலும் குற்றம் சாவியில் இல்லை, மறுமுனையில் இருக்கும் பழைய மென்பொருளில். அதைப் புதுப்பிக்க வேண்டும். எதுவும் பிடிபடவில்லை என்றால் 'எஸ்எஸ்எச் -விடி' (வி சின்னது, டி பெரியது; 'டெர்மினல்' என்பதன் முதல் எழுத்து) கொடுத்து இணையச் சொல்லுங்கள். எந்தச் சாவியை நீட்டியது, எதை சர்வர் தள்ளியது என்று வரிவரியாகச் சொல்லும்.

எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்கை எப்போது தொட்டாலும், மறுதொடக்கத்துக்கு முன் 'எஸ்எஸ்எச்டி -டி' (அதே 'டெஸ்ட்' எழுத்து, இப்போது சின்ன எழுத்து) ஓட்டிப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். நுழைந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். இன்னொரு டெர்மினலைத் திறந்து புதிதாக உள்ளே போக முடிகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு முதல் டெர்மினலை மூடுங்கள்.